புகையும் பரம்பரையும்

1958ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் சர் ரொனால்டு ஃபிஷர் எழுதிய கடிதம் ஒன்று வெளியானது. நவீன புள்ளியியலுக்கு அடித்தளம் போட்டவர் அவர். மெண்டலின் மரபியலையும் டார்வினின் பரிணாமக் கொள்கையையும் கணிதத்தால் இணைத்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர். அப்படிப்பட்டவர், சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்ற முடிவை நான் ஏற்கவில்லை என்று எழுதினார். ஒருவரைப் புகைக்கத் தூண்டும் மரபணுவே அவருக்குப் புற்றுநோயையும் கொண்டுவருவதாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார். அப்படி இருந்தால் புகைப் பழக்கத்துக்கும் நோய்க்கும் பொதுக் காரணம் பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது; சிகரெட்டைக் குற்றம் சொல்ல இடமில்லை. சான்றாக, ஜெர்மனியிலிருந்து கிடைத்த இரட்டையர் கணக்கு ஒன்றைக் காட்டினார். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள், மற்ற இரட்டையர்களைவிடப் புகைப் பழக்கத்தில் அதிகம் ஒத்திருந்தார்கள்.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1950இல், ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை விசாரித்துப் புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்குமான தொடர்பை வெளியிட்டிருந்தார்கள். 1951 முதல் சுமார் 40,000 பிரிட்டன் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்தும் வந்தார்கள். முடிவுகள் ஒரே திசையைக் காட்டின. ஃபிஷர் அசையவில்லை. அவர் குழாயில் புகைப்பவர். புகையிலை உற்பத்தியாளர்களின் குழு ஒன்றுக்கு ஆலோசகராகவும் இருந்தார். இதை மட்டும் சொல்லி அவரை ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. யார் எந்த நோக்கத்தோடு கேட்டாலும் அந்தக் கேள்விக்கு அறிவியல் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லியும் இருக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

முதல் பதில் அடுத்த ஆண்டே வந்தது. 1959இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் எளிய கணக்கு ஒன்றை முன்வைத்தார்கள். புகைப்பவருக்குப் புகைக்காதவரைவிட ஒன்பது மடங்கு அதிகமாக இந்த நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு முழுக் காரணமும் மறைந்திருக்கும் ஒரு மரபணுதான் என்றால், அந்த மரபணு புகைக்காதவரிடம் இருப்பதைப் போல ஒன்பது மடங்காவது புகைப்பவரிடம் இருந்தாக வேண்டும். அவ்வளவு பெரிய வேறுபாடு உள்ள ஒன்று யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்க முடியாது. நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிதாக இருந்த நோய் சில பத்தாண்டுகளில் பெருகியதற்கும் மரபணு விளக்கம் தராது. மனிதனின் மரபணுக்கள் அவ்வளவு வேகத்தில் மாறுவதில்லை.

அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிலியன்ஃபெல்டு. மரபணுவா, புகையா என்ற வழக்கில் புகைக்கு எதிராகச் சாட்சி சொன்ன அவரே, 1963இல் ஜார்ஜ் டோகுஹாட்டாவுடன் சேர்ந்து, நுரையீரல் புற்றுநோய் குடும்பங்களில் கொத்தாக வருகிறது என்று முதன்முதலாக முறையாகக் காட்டினார். நோயாளிகளின் உறவினர்களிடம், அவர்கள் புகைக்காதவர்களாக இருந்தாலும்கூட, இந்த நோயால் நேரும் இறப்பு கூடுதலாக இருந்தது. புகையும் குடும்ப வரலாறும் ஒருவரிடம் சேர்ந்தபோது ஆபத்து இரண்டையும் கூட்டினால் வருவதைவிடப் பெரியதாக இருந்தது. ஃபிஷரின் முடிவு தவறு. ஆனால் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்பதும் தவறு. இந்த இரண்டையும் ஒரே மனிதர் நான்கு ஆண்டு இடைவெளியில் சொன்னார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

டீக்கடையில் நாம் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு. "எங்க பெரியப்பா எண்பத்தஞ்சு வயசு வரைக்கும் சுருட்டு குடிச்சாரு, ஒண்ணும் ஆகலையே." சொல்பவர் பொய் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கப் புகைக்கும் ஆண்களில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கக்கூடியவர்கள் நூற்றுக்குச் சுமார் 16 பேர் என்று ரிச்சர்டு பீட்டோவும் டாலும் பிரிட்டன் தரவுகளை வைத்து 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டார்கள். மீதி 84 பேர் அந்த வயதுக்குள் இந்தக் குறிப்பிட்ட நோயால் இறப்பதில்லை. பெரியப்பா அந்த 84 பேரில் ஒருவர். அவர்களில் பலரை மாரடைப்பும் மூச்சுத்தடை நோயும் பக்கவாதமும் கொண்டுபோய்விடுகின்றன என்பதையும் அதே கையோடு சொல்ல வேண்டும். ஆனாலும் கேள்வி நியாயமானது. ஒரே அளவு புகைத்த இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது?

பதில் தேடிய முதல் தலைமுறை ஆய்வாளர்கள் ஈரலிலும் நுரையீரலிலும் நச்சை உடைக்கும் நொதிகளைச் சந்தேகித்தார்கள். புகையில் உள்ள பென்சோபைரீன் போன்ற பொருள்கள் உள்ளே போனபடியே தீங்கு செய்வதில்லை. அவற்றை வெளியேற்ற உடல் எடுக்கும் முயற்சியிலேயே அவை கொடிய வடிவம் பெற்று டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கின்றன. 1996இல் ஆய்வாளர்கள் இந்த ஒட்டல் எங்கெங்கே நிகழ்கிறது என்று பார்த்தபோது, பி53 என்ற காவல் மரபணுவில் நுரையீரல் கட்டிகள் வழக்கமாகச் சேதமடைந்திருக்கும் அதே புள்ளிகளில் அது குவிந்திருந்தது. எனவே நச்சை உருமாற்றும் நொதிகளும் அதை அப்புறப்படுத்தும் நொதிகளும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில்தான் விடை இருக்கும் என்று நினைத்தது இயல்பு. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. பெரும்பாலானவை சில நூறு பேரை மட்டும் வைத்துச் செய்யப்பட்டவை. ஓர் ஊரில் கிடைத்த முடிவு அடுத்த ஊரில் கிடைக்கவில்லை. ஊகித்த மரபணுவை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை அதன் எல்லையைத் தொட்டுவிட்டிருந்தது.

2008 ஏப்ரலில் நிலைமை மாறியது. மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். பொது வரைவோடு ஒப்பிட்டால் ஒவ்வொருவரிடமும் 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபாடு இருக்கும். எந்த ஊகமும் இல்லாமல் அந்த வேறுபாடுகளில் பல லட்சத்தை ஒரே சில்லில் படித்து, நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிடும் வசதி அப்போது கைக்கு வந்திருந்தது. மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் முடிவை வெளியிட்டன: பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஐஸ்லாந்தின் டிகோடு நிறுவனம், அமெரிக்காவின் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம். லியோன் குழு மத்திய ஐரோப்பாவின் ஆறு நாடுகளிலிருந்து 1,989 நோயாளிகளையும் 2,625 நோயற்றவர்களையும் எடுத்து, ஒவ்வொருவரிடமும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களைப் படித்தது. மூன்று குழுக்களின் விரல்களும் ஒரே இடத்தைத் தொட்டன. 15ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு சிறு பகுதி.

அங்கே இருந்தது நச்சை உடைக்கும் நொதி அல்ல. டிஎன்ஏவைச் செப்பனிடும் மரபணுவும் அல்ல. நரம்புச் செல்களின் மேல் உட்கார்ந்து நிகோட்டினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளைக் கட்டும் மரபணுக்கள் அங்கே வரிசையாக இருந்தன. அவற்றில் முக்கியமானது சிஎச்ஆர்என்ஏ5. அதில் ஓர் எழுத்து மாறினால், அது கட்டும் புரதத்தின் 398ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதிலாக அஸ்பராஜின் வந்து அமர்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து இந்த மாறுபாடு வந்திருந்தால் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து சுமார் 30 விழுக்காடு கூடுகிறது. இருவரிடமிருந்தும் வந்திருந்தால் 80 விழுக்காட்டை நெருங்குகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரின் மரபணுப் பிரதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த வடிவம்தான். கிழக்காசியர்களிடமும் ஆப்பிரிக்கர்களிடமும் அது மிக அரிது. தெற்காசியர்களான நாம் இடையில் நிற்கிறோம்.

ஃபிஷர் 1962இல் காலமாகிவிட்டார். உயிரோடு இருந்திருந்தால் அன்று என்ன சொல்லியிருப்பார்? புகைக்கும் பழக்கத்தோடும் நுரையீரல் புற்றுநோயோடும் ஒருசேரத் தொடர்புடைய மரபணு. அவர் இருக்கலாம் என்று சொன்னது அப்படியே கிடைத்துவிட்டது.

ஆனால் கிடைத்த உடனே மூன்று குழுக்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஐஸ்லாந்துக் குழு, இந்த மாறுபாடு உள்ளவர்கள் நிகோட்டினுக்கு அதிகம் அடிமையாகி அதிகம் புகைக்கிறார்கள், அதனால்தான் நோய் என்றது. மற்ற இரண்டு குழுக்களும், புகைத்த அளவைக் கணக்கில் கழித்த பிறகும் ஆபத்து மிஞ்சுகிறது, ஆகவே மரபணு நுரையீரலில் நேரடியாகவே ஏதோ செய்கிறது என்றன. சின்ன விவகாரம் போலத் தோன்றலாம். ஃபிஷரின் கேள்வி முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மரபணு புகையின் வழியாக நோய்க்குப் போகிறதா, புகையைத் தொடாமலே போகிறதா?

இதற்கான விடை மூன்று துண்டுகளாகச் சேர்ந்தது. அவை சேர்ந்த விதம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முதல் துண்டு எலிகளிடமிருந்து வந்தது. மூளையின் நடுவே ஹபெனுலா என்றொரு சிறு பகுதி இருக்கிறது. சிஎச்ஆர்என்ஏ5 கட்டும், ஆல்ஃபா-5 எனப்படும் ஏற்பித் துணுக்கு அங்கே மிகுதி. அமெரிக்காவில் பால் கென்னியின் குழு, இந்தத் துணுக்கு இல்லாமல் பிறக்கவைத்த எலிகளுக்கு, நெம்புகோலை அழுத்தி நிகோட்டினைத் தாங்களே ஏற்றிக்கொள்ளும் வாய்ப்பைத் தந்தது. சாதாரண எலிகள் அளவு கூடியதும் நிறுத்திக்கொண்டன. நிகோட்டின் கொஞ்சமாகப் போனால் இன்பம், அளவு மீறினால் குமட்டலும் வெறுப்பும் தரும் பொருள். பந்தியில் வயிறு நிறைந்தவர் இலைக்கு மேல் கையை நீட்டி மறிப்பதைப் போல, ஹபெனுலா அந்த வெறுப்பை எழுப்பிப் 'போதும்' என்கிறது. துணுக்கு இல்லாத எலிகள் கையை நீட்டவே இல்லை; அழுத்திக்கொண்டே இருந்தன. அதே இடத்தில் அந்தத் துணுக்கை மீண்டும் சேர்த்தபோது அவையும் நிறுத்தக் கற்றுக்கொண்டன. 2011இல் வந்த இந்த ஆய்வு, அந்த மாறுபாடு உள்ளவர்கள் ஏன் அதிகம் புகைக்கிறார்கள் என்பதற்கு உடலியல் விளக்கம் தந்தது.

இரண்டாம் துண்டு, எண்ணிக்கையைப் பற்றியது. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டுக் குறித்தால், இந்த மாறுபாட்டின் ஒரு பிரதி கூட்டுவது ஒன்றே ஒன்று, அவ்வளவுதான். நாளுக்கு ஒரு சிகரெட் கூடியதால் புற்றுநோய் 30 விழுக்காடு ஏறாது. நேரடி விளைவு என்று வாதிட்டவர்களின் பலமே இதுதான். ஆனால் பத்து சிகரெட் என்று இருவர் சொல்லலாம். ஒருவர் பாதியில் அணைப்பார், இன்னொருவர் விரலைச் சுடும்வரை ஆழ இழுப்பார். உள்ளே போன நிகோட்டினைத் தெரிந்துகொள்ள இரத்தத்தில் கோட்டினின் என்ற எச்சப் பொருளை அளக்க வேண்டும். மார்க்கஸ் முனாஃபோவும் சகாக்களும் 2012இல் அதை வைத்துக் கணக்கிட்டபோது, மாறுபாடு உள்ளவர்களின் கோட்டினின், அவர்கள் சொன்ன சிகரெட் எண்ணிக்கை காட்டியதைவிட வெகுவாகக் கூடியிருந்தது. அந்தக் கூடுதல் புகையை வைத்தே நோயின் கூடுதல் ஆபத்தை ஏறக்குறைய முழுதாக விளக்கிவிட முடிந்தது. அதே எண்ணிக்கையிலான சிகரெட்டிலிருந்து அவர்கள் அதிகப் புகையை உள்ளே வாங்கியிருந்தார்கள்.

மூன்றாம் துண்டுதான் தீர்ப்பு. அதே 2012இல், சீனா, தைவான், ஹாங்காங், தென்கொரியா, ஜப்பான், சிங்கப்பூர் ஆகிய இடங்களில், வாழ்நாளில் புகைத்தே இராத பெண்களில் நுரையீரல் புற்றுநோய் வந்த 5,510 பேரையும் நோயற்ற 4,544 பேரையும் ஒப்பிட்ட பேராய்வு வெளியானது. 15ஆம் குரோமோசோமின் அந்தப் பகுதிக்கும் அவர்களின் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. புகையை எடுத்துவிட்டால் அந்த மரபணுவுக்கு நுரையீரலில் செய்ய வேலை இல்லை.

ஆக, ஃபிஷர் சொன்ன மரபணு இருக்கிறது; அது புகைக்குப் பதிலாக நிற்கவில்லை. புகைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. இரட்டையர் ஆய்வுகளும் இதையே உறுதி செய்கின்றன. ஒரே மரபணுத் தொகுதியைப் பகிர்ந்துகொண்ட இரட்டையரில் ஒருவர் புகைத்து மற்றவர் புகைக்காத இணைகளைப் பின்லாந்து, டென்மார்க், சுவீடன், நார்வே பதிவேடுகளிலிருந்து தேடியெடுத்துப் பார்த்தார்கள். புகைத்தவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல். ஃபிஷர் இரட்டையரைச் சாட்சிக்கு அழைத்தார். இரட்டையர் கடைசியில் சிகரெட்டுக்கு எதிராகவே சாட்சி சொன்னார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புகையிலை நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் மரபியல் ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தன. நோய் பிறவியிலேயே சிலருக்கு எழுதப்பட்டது, மற்றவர்கள் பயமின்றிப் புகைக்கலாம் என்று சொல்ல வழி கிடைக்குமா என்ற எதிர்பார்ப்பு அதன் பின்னால் இருந்ததைப் பின்னாளில் வெளியான அவற்றின் உள் ஆவணங்களே காட்டின. அந்த எதிர்பார்ப்பு பொய்த்துப்போனது. ஆனாலும் 'எல்லாம் ஜீன்தான் சார்' என்ற பேச்சு இன்றும் நம் வீடுகளில் புழங்குகிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

நிகோட்டின் கதையில் ஈரலுக்கும் ஒரு பங்கு உண்டு. நிகோட்டினைக் கோட்டினினாக மாற்றும் சிஒய்பி2ஏ6 என்ற நொதி சிலரிடம் மந்தமாக வேலை செய்யும். சிலரிடம் அந்த மரபணுவே முழுதாக இருக்காது. அவர்களின் இரத்தத்தில் நிகோட்டின் நெடுநேரம் தங்குவதால் அடுத்த சிகரெட்டுக்குக் கை சீக்கிரம் போகாது. ஜப்பானியர்களிடம் இந்த வகை மிகுதி. ஹவாயிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் 1,80,000 பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவை 2006இல் வெளியிட்டபோது, ஒரே எண்ணிக்கையில் சிகரெட் புகைத்தவர்களுக்குள் கறுப்பின அமெரிக்கர்களுக்கும் ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கும் ஆபத்து அதிகமாகவும், ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு வெகுவாகக் குறைவாகவும் இருந்தது. அந்த இடைவெளியின் ஒரு பகுதியை இந்த நொதி விளக்குகிறது. நாளுக்கு 30 சிகரெட்டைத் தாண்டியவர்களிடம் அந்த இடைவெளி தெரியவில்லை.

புகைக்காதவர்களுக்கு வரும் நோயின் வழி வேறு. மேலே சொன்ன ஆசியப் பெண்களின் ஆய்வில் 6ஆம், 10ஆம் குரோமோசோம்களில் புதிய இடங்கள் தெரிந்தன. அந்த ஆய்வை முன்னின்று நடத்திய சிங் லான், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஷுவான்வெய் என்ற வட்டாரத்தில் வேலை செய்தவர். அங்கே பெண்கள் புகைப்பதில்லை. ஆனால் நுரையீரல் புற்றுநோயில் சீனப் பெண்களிலேயே அவர்கள்தான் முன்னால். வீட்டுக்குள்ளே, புகைபோக்கி இல்லாத தரைக்குழி அடுப்புகளில், கரும்புகை கக்கும் நிலக்கரியை எரித்துச் சமைத்து வந்தார்கள். அங்கேதான் மரபணுவின் பங்கும் தெரிந்தது. நச்சை அப்புறப்படுத்தும் ஜிஎஸ்டிஎம்1 என்ற மரபணு பிறப்பிலேயே இல்லாதவர்கள் உலகில் கோடிக்கணக்கில் உண்டு. பல இனங்களில் பாதிப் பேரிடம் இருக்காது. மற்ற இடங்களில் அது பெரிய விளைவைக் காட்டுவதில்லை. ஷுவான்வெய்யின் புகையில் அது ஆபத்தை இரண்டு மடங்காக்கியது. பிறகு புகைபோக்கி வைத்த அடுப்புகள் வந்தன. அவற்றுக்கு மாறிய குடும்பங்களை, மாறாதவர்களோடு ஒப்பிட்டு 2002இல் முடிவை வெளியிட்டார்கள்: ஆண்களிடம் நோய் சுமார் 40 விழுக்காடும் பெண்களிடம் 45 விழுக்காடும் குறைந்திருந்தது. யாருடைய மரபணுவும் மாறவில்லை.

5ஆம் குரோமோசோமில் இருக்கும் டெர்ட் பகுதியையும் சொல்லாமல் விட முடியாது. புகைப்பவர், புகைக்காதவர், ஐரோப்பியர், ஆசியர் என்ற பேதம் இல்லாமல் நுரையீரல் புற்றுநோயோடு, குறிப்பாக அடினோகார்சினோமா என்ற வகையோடு, தொடர்புபட்ட இடம் அது. குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியர்களை நீட்டிக்கும் நொதியை டெர்ட் கட்டுகிறது. டெலோமியர் நீளமாக இருந்தால் ஆயுள் நீளும் என்று மாத்திரை விற்பவர்கள்கூட இப்போது சொல்கிறார்கள். பிறப்பிலேயே நீண்ட டெலோமியர்களைத் தரும் மாறுபாடுகள் உள்ளவர்களுக்கு நுரையீரல் அடினோகார்சினோமா அதிகம் வருகிறது என்பதே ஆய்வுகள் காட்டும் உண்மை. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் டெலோமியர் தேய்வது கெட்டுப்போன செல்லுக்கு உடல் போட்ட தடை. தடை தளர்ந்தால் கெட்ட செல்லும் நீண்ட நாள் வாழும்.

இதுவரை பார்த்தவை எல்லாம் கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கும், சிறிய விளைவுள்ள மாறுபாடுகள். அரிதான, ஆனால் வலுவான பரம்பரை மாற்றங்களும் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நம் ஊர் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிக்கு 'ஈஜிஎஃப்ஆர் மியூட்டேஷன் டெஸ்ட்' எடுக்கச் சொல்கிறார்கள். முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்ததும் பிள்ளைகள் பயந்துபோகிறார்கள், இது நமக்கும் வருமோ என்று. அந்தப் பரிசோதனை தேடுவது கட்டியின் செல்களில், வாழ்நாளில் பின்னால் ஏற்பட்ட மாற்றத்தை. அது விந்திலோ கருமுட்டையிலோ இல்லை, பிள்ளைகளுக்குப் போகாது. எந்த மாத்திரை வேலை செய்யும் என்று சொல்வதுதான் அதன் பயன். இந்த ஒரு விஷயத்தை நோயாளியின் குடும்பத்துக்கு விளக்க ஐந்து நிமிடம் ஒதுக்காத மருத்துவர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு.

அபூர்வமாக விதிவிலக்கு வரும். ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் டி790எம் என்ற மாற்றம், வழக்கமாக ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரைகளைச் சில காலம் எடுத்த பிறகு, மருந்தை எதிர்த்து நிற்கக் கட்டி கண்டுபிடிக்கும் வழி. 2005இல் ஓர் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பத்தில் அதே மாற்றம் பிறப்பிலேயே, உடலின் எல்லாச் செல்களிலும் இருப்பது தெரியவந்தது. அந்தக் குடும்பத்தில் தலைமுறை தாண்டி நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது. இப்படிப்பட்ட குடும்பங்கள் உலகில் மிகச் சில. அதனால், மருந்து தொடங்குவதற்கு முன்பே ஒரு கட்டியில் டி790எம் தென்பட்டால், இரத்தத்தையும் பரிசோதித்து அது பரம்பரையாக வந்ததா என்று பார்ப்பது அவசியம். 1969இல் ஃபிரெடரிக் லீயும் ஜோசஃப் ஃப்ரௌமெனியும் விவரித்த, பி53 மரபணு பிறப்பிலேயே பழுதான குடும்பங்களிலும் மற்றப் புற்றுநோய்களோடு நுரையீரல் புற்றுநோயும் சேர்ந்து வருகிறது. மார்பகப் புற்றுநோயால் பெயர் தெரிந்த பிஆர்சிஏ2 மரபணுவில், ஐரோப்பியர்களில் நூற்றுக்கு இரண்டு பேரிடம் இருக்கும் ஒரு மாறுபாடு, ஸ்குவாமஸ் வகை நுரையீரல் புற்றுநோயின் ஆபத்தை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்குவதாக 2014இல் தெரிந்தது. ஸ்குவாமஸ் வகை பெரும்பாலும் புகைப்பவர்களுக்கே வருவது.

இவ்வளவு தெரிந்தும், இந்தியர்களான நம்மைப் பற்றிய வரைபடம் மங்கலாகத்தான் இருக்கிறது. 2017இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்று 29,266 நோயாளிகளை வைத்து 18 மரபணு இடங்களைக் குறித்தது. அவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் பக்கம் நடந்த ஆய்வுகளில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் ஆண் நோயாளிகளை வைத்துச் செய்யப்பட்டு 2003இல் வெளியான அந்த ஆய்வில், லியோன் முகமையின் ரேஜீன் ஹங்கும் பால் பிரென்னனும் பங்கேற்றார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து 15ஆம் குரோமோசோமைச் சுட்டிக்காட்டிய கட்டுரையின் முதல் பெயரும் கடைசிப் பெயரும் இவர்களுடையவைதான். சென்னை ஆய்வு மரபணுவைத் தேடவில்லை. எதைப் புகைக்கிறோம் என்று கேட்டது. இலையில் சுருட்டியது, இயற்கையானது, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று நம்பப்பட்ட பீடி, சிகரெட்டுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல என்று காட்டியது. நம் நாட்டில் நோயாளிகளிடமிருந்து இரத்த மாதிரியையும் புகைத்த வரலாற்றையும் அடுப்பங்கரையின் வரலாற்றையும் சேர்த்து வாங்கி வைக்கும் பெரிய ஆய்வுகள் தேவை. கல்ஃபுக்கு உழைக்கப் போய்வந்தவர், விறகடுப்பில் நாற்பது ஆண்டு சமைத்தவர், பீடி சுற்றியவர் என்று ஒவ்வொருவரின் நுரையீரலும் சுவாசித்தது வேறு வேறு காற்று. அதைக் கேட்காமல் மரபணுவை மட்டும் படித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் உங்கள் புற்றுநோய் ஆபத்தை மதிப்பெண் போட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கூடங்கள் இப்போது பெருகிவிட்டன. நுரையீரலைப் பொறுத்தவரை அந்த மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதே என் கருத்து. பரவலாக இருக்கும் மாறுபாடுகளில் பெரியதாகிய சிஎச்ஆர்என்ஏ5 இரண்டு பிரதியாக வந்தாலும் ஆபத்து இரண்டு மடங்கைத் தொடுவதில்லை. புகை அதைப் பதினைந்து மடங்கு, இருபது மடங்கு என்று ஏற்றுகிறது. மதிப்பெண் குறைவாக வந்த ஒருவர் அதை நம்பித் தைரியமாகப் புகைத்தால், அந்தச் சீட்டு அவருக்குச் செய்தது தீங்கு.

பணம் கட்டாமல் கிடைக்கும் மரபணுத் தகவல் ஒன்று உண்டு: குடும்ப வரலாறு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தால், புகைப் பழக்கத்தைக் கணக்கில் கழித்த பிறகும், மற்றவருக்கு ஆபத்து சுமார் ஒன்றரை மடங்கு. தைவான் இதைக் கொள்கையாகவே மாற்றியிருக்கிறது. அங்கே நோயாளிகளில் பெரும் பகுதியினர் புகைக்காதவர்கள். 12,000 பேரைக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனால் பரிசோதித்தபோது, புகைக்காதவர்களிடமே நூற்றுக்கு 2.6 பேருக்குப் புற்றுநோய் தென்பட்டது. குடும்ப வரலாறு உள்ளவர்களிடம் அது 3.3. 2022 ஜூலை முதல் அந்நாட்டு அரசு, அதிகம் புகைத்தவர்களோடு, குறிப்பிட்ட வயதுக்கு மேல் குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கும் இந்த ஸ்கேனை இலவசமாக எடுக்கிறது. காசநோய்த் தழும்புகள் நிறைந்த நம் நாட்டு நுரையீரல்களில் ஸ்கேன் காட்டும் எல்லாப் புள்ளியும் புற்றுநோய் ஆகாது. ஆகவே அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனால் ஆறாத இருமலோடு வரும் புகைக்காத பெண்ணிடம், உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்க எந்தக் கருவியும் வேண்டாம். காசநோய் மருந்து கொடுத்துப் பல மாதம் கழிந்த பிறகே புற்றுநோய் என்று தெரியவருவது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வியை முதல் நாளிலேயே கேட்டால் சிலருக்காவது அந்த மாதங்கள் மிஞ்சும்.

15ஆம் குரோமோசோமின் அந்த மாறுபாட்டை இரண்டு பிரதியாகப் பெற்ற புகைப்பவர்களைப் பற்றி லீ-ஷியுன் சென் என்ற மனநல மருத்துவரும் சகாக்களும் செய்த ஆய்வுகள் இரண்டு செய்திகளைத் தருகின்றன. ஒன்று, அவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக நான்கு ஆண்டுகள் தாமதமாகத்தான் பழக்கத்தை விடுகிறார்கள். நோயும் நான்கு ஆண்டுகள் முந்தி வருகிறது. மனவுறுதி இல்லாதவர் என்று அவர்களைத் திட்டுவதில் நியாயம் இல்லை. 'போதும்' என்ற குரல் அவர்களுக்குள் பிறப்பிலேயே மெல்லியது. இரண்டாவது, விட்டுவிட்டால் அவர்களுக்குக் கிடைக்கும் பயன் மற்றவர்களுக்குக் கிடைப்பதற்குக் குறைந்ததல்ல: ஆபத்து பாதியாகிறது, நோய் வந்தாலும் ஏழு ஆண்டுகள் தள்ளி வருகிறது. பீட்டோவின் கணக்கில் 75 வயதுக்குள் நூற்றுக்கு 16 என்ற எண், 60 வயதில் நிறுத்தினால் 10 ஆகவும், 50இல் நிறுத்தினால் 6 ஆகவும், 40இல் 3 ஆகவும், 30இல் 2க்குள்ளும் இறங்குகிறது. தனியாக விட முடியாதவர்களுக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. தமிழிலேயே பேசலாம்.